இடப்பக்கத்து ஸ்டியரிங்

ஒல்கீ பட்டணத்தில் வண்டிக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிக்குத்தான். ஊரில் ஓடுவதில் முக்கால்வாசி ஜப்பான்காரன் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பழைய வண்டிகள். எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். மங்கோலியாவில் அதை ஒருத்தரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் என்ன, ஆற்றைக் கடந்தால் சரி, மேட்டில் ஏறினால் சரி. ஆனால் கஸக் இனத்தவனான திலெவ்கான் குடிபெயர்ந்து போகவிருந்த கஸக்ஸ்தானில் அந்தக் கதை நடக்காது. அங்கே சாலையில் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும்; ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருந்தால் அந்த நாட்டு நம்பர் கொடுக்க மாட்டார்கள். நம்பர் இல்லாத வண்டியை வாசலில் நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இதை அவனுக்குச் சொன்னவன் பெரியப்பா மகன் ஒராஸ்கான். பத்து வருஷத்துக்கு முன்பே அந்தப் பக்கம் போய், ஒஸ்கெமென் பக்கத்தில் மாடு கன்றோடு செட்டிலாகிவிட்டவன். திலெவ்கானுக்கு ஒரு வேலையும் பேசி வைத்திருந்தான். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிற வேலை. சொந்த வேன் வேண்டும், அந்த நாட்டு நம்பர் வேண்டும், செப்டம்பர் ஒன்றாம் தேதி காலையில் முதல் பிள்ளையின் வாசலில் வண்டி நிற்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத திலெவ்கானுக்கு, நாற்பத்தெட்டு வயதில் இதைவிட நல்லது என்ன அமையும்?

"வேனோட வந்தா நீ முதலாளிடா தம்பி. வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தா என் கொட்டகையில சாணிதான் அள்ளணும். தம்பியாச்சேன்னு பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று போனில் சிரித்தான் ஒராஸ்கான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஸ்டியரிங் விஷயத்தை ஊர்ல மூச்சு விட்டுடாத. இந்த வருஷம் அங்கேருந்து ஏகப்பட்ட பேரு கிளம்புறானுங்க. தெரிஞ்சுதோ, இருக்குற நாலு வண்டியையும் வாரிக்கிட்டுப் போயிடுவானுங்க."

திலெவ்கான் மூச்சு விடவில்லை. மனைவி குல்பாஷிடம் மட்டும் சொன்னான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வருஷம் தேடினான். கடைசியில் கோவ்த் பக்கத்திலிருந்து ஒரு கொரியா வேன் கிடைத்தது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். பின்கதவு ஓங்கி அடித்தால்தான் மூடும். ஆனால் ஸ்டியரிங், ஆண்டவன் புண்ணியத்தில், இடப்பக்கம். ஆடுகளையும் இரண்டு ஒட்டகங்களையும் விற்று அதை வாங்கினான். ஊர் கேலி பேசியது. "என்னய்யா திலெவ்கான், அந்த ஊர்ல போய் முட்டைக்கோசு விக்கப் போறியா?" என்று கேட்டார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். உள்ளுக்குள் அவனுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

மே மாதத்தில் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். நாலு தெரு தள்ளி அர்தாபெக் இருந்தான். அவனும் அதே கோடையில் குடும்பத்தோடு கஸக்ஸ்தானுக்குக் கிளம்புகிறவன். ஒரு நாள் திலெவ்கானைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புதிதாக வாங்கிய ஜீப்பைக் காட்டினான். வெள்ளை ஜப்பான் ஜீப். கப்பல் மாதிரி நின்றது.

"எப்படி?" என்றான் அர்தாபெக். "இருந்ததையெல்லாம் இதுல போட்டுட்டேன். இதுலதான் எல்லை தாண்டப் போறேன். நீயும் வண்டி கொண்டு போறவன், விவரம் தெரிஞ்சவன். ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடு."

திலெவ்கான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. வாங்கி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது, சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பான். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் உடனே தன் வேனைத் திரும்பிப் பார்ப்பானே என்று அதை விழுங்கிவிட்டான்.

"ஒரு குறையும் இல்லப்பா. ராஜா வண்டி" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது குல்பாஷுக்கு மனசு கேட்கவில்லை. "அவனுக்கும் மூணு பிள்ளைங்க இருக்குங்க. ஒரு வார்த்தை சொன்னா நம்ம சொத்தா போயிடும்?" என்றாள்.

"உன் வேலையைப் பாரு. எனக்கு யாரு வந்து சொன்னா? நானா தெரிஞ்சுக்கிட்டேன், அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

ஒராஸ்கான் போனில் சொன்னது அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது. செய்தது அயோக்கியத்தனம். அவனுக்கு என்னவோ அது சாமர்த்தியமாகத்தான் பட்டது.

ஆகஸ்டில் கிளம்பும் நாள் குறித்தாயிற்று. வீட்டை விற்றாயிற்று; வாங்கியவன் பெட்டி படுக்கையோடு வரக் காத்திருந்தான். கஸக்ஸ்தான் கொடுத்த குடியேற்றக் காகிதத்தில் கடைசித் தேதி போட்டிருந்தது. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது உறவுக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தான். வாசலில் கூடாரம் அடித்து, ஒரு குதிரையை அறுத்து, வந்தவர்களுக்கெல்லாம் தட்டுத் தட்டாகக் கறி. வேனைக் கழுவித் துடைத்து எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைத்தான். அந்த அல்பத்தனம் வேறு.

விருந்து பாதியில் இருக்கும்போது மெய்ராம் எழுந்து நின்றான். செத்துப்போன அக்காவின் மகன். அவனுக்கு இருபத்தேழு வயது, மலைமேட்டில் குதிரை மேய்க்கிறான். பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகிறவரை இந்த வீட்டில்தான் வளர்ந்தான். திலெவ்கானுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. பிள்ளை என்றால் அவன்தான்.

"மாமா, நான் பொறந்ததுலேருந்து உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்று ஆரம்பித்தான் மெய்ராம்.

"டேய், பொய் சொல்லாத! என் வெள்ளிச் சேணத்தை எவன்டா தூக்கிட்டுப் போனது?"

"அது திருட்டு மாமா. கேட்டதா ஆகுமா?"

கூடாரமே சிரித்தது. மெய்ராம் சிரிக்கவில்லை. "இப்பக் கேக்குறேன். கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. வாசல்ல நிக்குற வேனைக் குடுங்க" என்றான்.

சிரிப்பு பட்டென்று நின்றது. அக்கா மகன் சபையில் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் கஸக் தாய்மாமன் மறுக்கக் கூடாது. மறுத்தவனுக்குக் கை நடுங்கும், குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மூன்று தடவை கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் விவரம் தெரிந்த மருமகன் என்ன செய்வான்? குதிரையைக் கேட்பான், மாமன் தந்தேன் என்பான், இவன் கடிவாளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'உங்க மனசு போதும் மாமா' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஆட்டுக்குட்டியோடு போவான். மாமனுக்கும் பேர், மருமகனுக்கும் பேர். திலெவ்கானின் அப்பா காலத்திலிருந்து அவன் பார்த்த அத்தனை விருந்திலும் அப்படித்தான் நடந்தது.

கறிக் கரண்டியோடு நின்ற குல்பாஷ் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. போகிற நேரத்தில் மருமகன் தனக்கு ஒரு பெருமை சேர்த்துவிடப் பார்க்கிறான் என்றுதான் அவன் நினைத்தான். பாக்கெட்டில் கைவிட்டான்.

"இதுக்குப் போயா இவ்வளவு இழுத்த? இந்தாடா, பிடி!" என்று சாவியை விட்டெறிந்தான்.

கூடாரம் ஓ என்று கூவியது. கிழவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். திலெவ்கானுக்கு நெஞ்சு இரண்டு மடங்கு விரிந்தது. மெய்ராம் சாவியை முத்தமிட்டான். இதோ சொல்லப் போகிறான் என்று மாமன் காத்திருந்தான். மெய்ராம் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து கறி தின்ன ஆரம்பித்தான்.

விருந்து கலைந்து கூட்டம் போனதும் குல்பாஷ் பிடித்துக்கொண்டாள். "என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே! அந்த வேன் இல்லாம அங்க போய் என்ன செய்யப் போறீங்க? உங்க அண்ணன் வீட்டுச் சாணி அள்ளவா? நானும் கூடை எடுத்துக்கிட்டு வரணுமா?"

"சும்மா இரு. நாளைக்குக் காலையில கொண்டாந்து குடுத்துடுவான். என் கையில வளர்ந்தவன்டி அவன்."

காலையில் மெய்ராம் வந்தான். கையில் காகிதம். "மாமா, பேர் மாத்திக் குடுத்துட்டீங்கன்னா நல்லது. ஆபீஸ் வரைக்கும் வாங்க" என்றான். திலெவ்கான் சட்டையை மாட்டிக்கொண்டான். கூடவே போனான். ஆபீஸ் வாசல்படியில் சொல்வான் என்று நினைத்தான், சொல்லவில்லை. வரிசையில் நிற்கும்போது சொல்வான் என்று நினைத்தான். அங்கே மெய்ராம் குதிரைகளுக்கு வந்த இருமலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவை நீட்டியபோது, 'மருமகனே, இந்த வேனுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறதே, அதுக்கு ஒரு காரணம் இருக்கு' என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தான். கொடுத்துவிட்டுக் காரணம் சொல்கிற மாமனை ஊர் என்ன பேசும்? தானம் கொடுத்த கை மறுநாளே நீண்டுவிட்டது என்று பேசும். இன்னும் மூன்று நாளில் விட்டுத் தொலையப் போகிற ஊர். அதன் பேச்சுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டான்.

"ரொம்ப நன்றி மாமா!" என்று தோளைக் கட்டிக்கொண்டு, மெய்ராம் வேனில் ஏறிப் பறந்துவிட்டான். திலெவ்கான் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் குல்பாஷ் பாத்திரங்களோடுதான் பேசினாள். "பெரிய மனுஷன் பட்டம் குடுத்திருக்காங்க, பட்டத்தை வெச்சுப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போவாரு" என்று தேநீர்க் கெட்டிலிடம் சொன்னாள். திலெவ்கான் இன்னொரு இடப்பக்க வண்டிக்காகப் பட்டணம் முழுக்கச் சுற்றினான். சந்தையில் ஒரு லாரி இருந்தது, என்ஜின் இல்லாமல். ஒராஸ்கானுக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் தயார்தானே? பள்ளிக்கூடத்துல உன் பேரைக் குடுத்துட்டேன்" என்றான் அவன். "தயார்" என்று சொல்லிவிட்டுத் திலெவ்கான் போனை வைத்தான்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. மானம் போனாலும் போகட்டும், கேட்டுவிடுவது என்று முடிவு கட்டி, இரவல் மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம் மலைமேட்டுக்கு ஓட்டினான். மெய்ராமின் கூடாரத்தில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேநீர் ஊற்றினாள். வேனைக் காணோம்.

"எங்கம்மா அவன்?"

"ஒரு முக்கியமான வேலையா போயிருக்காரு, மாமா" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்தாள். "உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம். 'அம்மா, அந்த வேன் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பில்லை' என்று ஒரு வரி. தேநீரைக் குடித்தான். குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். "வந்ததும் என்னை உடனே வந்து பார்க்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தான். மெய்ராமையும் திட்டினான். நன்றிகெட்டவன், வளர்த்த பாவம் என்றெல்லாம். திட்டத் திட்ட அழுகைதான் வந்தது.

கிளம்பும் நாள் வந்தது. சாமானெல்லாம் ஒரு உறவுக்காரரின் லாரியில் ஏறியாயிற்று. வீட்டை வாங்கியவன் ஏற்கெனவே சமையலறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் லாரிக்காரன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து போவதென்று ஏற்பாடு. வழியனுப்ப வந்தவர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். 'வேன் எங்கே' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும்தான் தெரியுமே, மருமகனுக்குக் கொடுத்த மகராசன்.

அப்போது தெருக்கோடியில் ஹாரன் சத்தம் கேட்டது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தது. ஒரு வெள்ளை ஜப்பான் ஜீப். கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கப்பல் மாதிரி வந்து வாசலில் நின்றது. மெய்ராம் குதித்து இறங்கினான். முகமெல்லாம் பல்.

"என்ன மாமா, மருமகன் ஏமாத்திட்டான்னு நெனச்சீங்களா? அத்தை, உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நாலு நாளா என்னைக் கரிச்சுக் கொட்டியிருக்கீங்க!"

மெய்ராம் கூட்டத்தைப் பார்த்து உரக்கப் பேசினான்.

"எங்க மாமா அந்த ஓட்டை வேன்ல போய் இறங்கினா அங்க இருக்குறவன் என்ன நெனப்பான்? காய்கறி வண்டிக்காரன் வந்திருக்கான்னு சொல்ல மாட்டான்? நேராக் கேட்டா குடுக்க மாட்டாரு. வேணாம்டா, உன் பொழைப்பைப் பாருன்னுவாரு. அதான் சபையில வெச்சுக் கேட்டேன். அர்தாபெக் இருக்காரு இல்ல, அவர்கிட்டப் போனேன். ஜீப்பைக் குடுங்க, வேனை எடுத்துக்குங்கன்னேன். மேல என்ன தருவன்னாரு. நாலு பெண்குதிரை தர்றேன்னேன், பால் கறக்குறது. ஒத்துக்கிட்டாரு, குதிரைங்களை இங்க ஒரு சொந்தக்காரர்கிட்ட விட்டுட்டாரு. கொஞ்சம் கிறுக்கு அந்த ஆளு! இதைக் குடுத்துட்டு அந்த டப்பாவை வாங்குறானே!"

திலெவ்கான் ஜீப்பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். பார்க்காமலே தெரிந்ததுதான். வலப்பக்கம் இருந்தது.

"அர்தாபெக் எங்க?" என்று கேட்டான்.

"நேத்துக் காலையிலேயே எல்லை தாண்டிட்டாரு, மாமா. என்ன அவசரமோ! உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாரு. அப்புறம் என்னமோ சொன்னாரு... ஆங், 'உங்க மாமா எனக்கு எவ்வளவு சொன்னாரோ, அவ்வளவுதான் நானும் உனக்குச் சொல்றேன்'னாரு. என்ன மாமா சொன்னீங்க அவருக்கு?"

"ஒண்ணும் சொல்லல" என்றான் திலெவ்கான். அவன் வாழ்க்கையில் சொன்ன சுத்தமான உண்மை அது.

கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தர் டயரை உதைத்துப் பார்த்தார். ஒரு கிழவர், "தாய்மாமன்னா இப்படி இருக்கணும், மருமகன்னா இப்படி இருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திலெவ்கான் குதிரைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பால் கறக்கிற நாலு குதிரை! கைக்குழந்தையோடு இருக்கிறவன், குளிர்காலத்துக்கு என்ன செய்வான்? மருமகன்மேல் கொஞ்சமாவது கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை. அர்தாபெக்கைச் சபிக்கலாம் என்றால் அதற்கும் வாயில்லை.

குல்பாஷ் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தம் வராமல், "இப்பவாவது சொல்லுங்க. குதிரையையாவது திரும்ப வாங்க வழி பார்ப்பான். இந்த ஜீப்பையாவது இங்கயே வெச்சுக்குவான்" என்றாள்.

நியாயம்தான். சொல்லலாம். சொன்னால் இந்தப் பையனின் முகம் என்ன ஆகும்? அதைவிட, சொன்னால் வாசலில் நிற்கிற இத்தனை பேரும் அடுத்த கேள்வி கேட்பார்கள்: 'உனக்கு எப்பத் தெரியும் திலெவ்கான்? அர்தாபெக் ஜீப் வாங்கினப்போ தெரியுமா?' அங்கே நிற்பவர்களில் மூன்று குடும்பம் அடுத்த மாதம் கிளம்புகிறவர்கள். மூன்று பேரிடமும் வலப்பக்க வண்டி. அவர்களிடமும்தான் அவன் சொல்லவில்லை.

மெய்ராம் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். வாங்கிக்கொண்டு, வழக்கப்படி உள்ளங்கை இரண்டையும் விரித்து, மருமகனை ஆசீர்வதித்தான் திலெவ்கான். உன் மந்தை பெருகட்டும் என்றான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்கு நாக்கு கூசியது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு" என்றான் மெய்ராம். இப்போது அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "போய்ச் சேர்ந்ததும் அந்த நாட்டு நம்பரைப் போட்டு, அத்தையையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இங்க எல்லாருக்கும் காட்டணும். அது போதும் எனக்கு."

குல்பாஷ் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அனுப்புறேன்டா" என்றான் திலெவ்கான்.

மெய்ராம் ஓடிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். மாமன் ஏறி உட்கார்ந்தான்.